எதிர் நாற்காலியில் உட்காருகிறவர்

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எஞ்சினியரிங் பற்றிப் பேச ஒரு வங்கி குமாஸ்தாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கவிதை எழுதுகிற ஆள் வேறு. நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஒரு தோழர், "உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எஞ்சினியர் எழுதுகிற புரோகிராமை தினமும் ஓட்டுகிறவன் குமாஸ்தா. அந்தப் புரோகிராம் ஒருத்தரை "முடியாது" என்று திருப்பி அனுப்பும்போது, அந்த வார்த்தையை வாயால் சொல்ல வேண்டியவனும் குமாஸ்தாதான். எழுதினவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார். திட்டு வாங்குகிறதும் அவர் இல்லை. எழுதுகிறவரையும், எதிரே வந்து நிற்கிறவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முயற்சி பண்ணின ஒரு இடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

அந்த இடம் இங்கே இல்லை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலம், வபாஷ் ஆற்றங்கரையில் வெஸ்ட் லாஃபாயெட் என்ற ஊர். அங்கே பர்டூ பல்கலைக்கழகம். 1995இல் மின்னியல், கணினிப் பொறியியல் துறையைச் சேர்ந்த எட்வர்ட் காயில், லியா ஜேமிசன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். 'சமூக சேவையில் பொறியியல் திட்டங்கள்' என்று பெயர். அதனுடைய ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'எபிக்ஸ்' என்று வரும். அதாவது காவியங்கள். காவியம் என்றாலே நமக்குக் கொஞ்சம் உஷார் வந்துவிடும். படிக்க ஆசைப்பட்ட ஏகலைவனுக்குக் கட்டைவிரல் போனது ஒரு காவியத்தில்தானே. ஆனால் பேரை வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது, அந்த வேலையை நமக்குப் பிறர் செய்து காட்டியிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்ப்போம்.

அவர்கள் பார்த்தது இரண்டு குறை. ஒன்று, படித்து முடித்து வருகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் கணக்குத் தெரிகிறது, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரியவில்லை, எதிரே இருக்கிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியவில்லை என்று கம்பெனிகள் புலம்பின. இன்னொன்று, அதே ஊரில் வீடற்றவர்களுக்கு உதவும் அமைப்புகள், ஊனமுற்ற குழந்தைகளுக்கான மருத்துவ மையம், பள்ளிக்கூடம் என்று பல இடங்களுக்குத் தொழில்நுட்பம் தேவைப்பட்டது, வாங்கக் காசு இல்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். முதல் செமஸ்டரில் ஐந்து குழுக்கள், சுமார் 40 மாணவர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஊரில் ஒரு அமைப்பு. மாணவர்களுக்கு இது விருப்பத்துக்குச் செய்கிற தொண்டு அல்ல, பாடம். மதிப்பெண் உண்டு. செய்து முடிக்கிற பொருளை அந்த அமைப்பிடம் கொடுத்தாக வேண்டும். கம்பெனியின் நோக்கம் இதில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல வேலையாட்களைத் தயார் பண்ணுவதும் அதன் பாதி.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது காலம். காலத்தை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பது.

கல்லூரிக்கு ஒரு காலம், சேரிக்கு ஒரு காலம். கல்லூரியின் காலம் செமஸ்டர். நாலு மாசத்தில் பரீட்சை வந்துவிடும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. நம்ம ஊரில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் காந்தி நூற்றாண்டில் வந்தது. ஏழு நாள் முகாம் என்று நம் காலனிக்கு வருவார்கள். தெருவைக் கூட்டுவார்கள், பிளீச்சிங் பவுடர் போடுவார்கள், மரக்கன்று நட்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தினமும் ஊரையே கூட்டுகிற ஜனங்களுக்குக் கூட்டுவது எப்படி என்று பாடம் எடுப்பார்கள்! எட்டாவது நாள் கன்றுக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்லை. இது முகாமுக்கு வருகிற பிள்ளைகளின் குற்றம் இல்லை. ஏழு நாளில் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் என்ற ஊரில் அறுபதுக்கும் மேற்பட்ட சிறு அமைப்புகளிடம் நேரில் கேட்டு, ரேண்டி ஸ்டோக்கர், எலிசபெத் டிரையான் இருவரும் தொகுத்த ஒரு புத்தகம் 2009இல் வந்தது. மாணவர்களிடம் கேட்கவில்லை, பேராசிரியர்களிடம் கேட்கவில்லை, உதவி 'வாங்கிய' பக்கத்திடம் கேட்டார்கள். அந்தப் பக்கம் சொன்ன பெரிய வருத்தம் குறுகிய காலம்தான். ஒரு மாணவருக்கு வேலை சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் அவர் போய்விடுகிறார், அடுத்த செமஸ்டர் இன்னொருவர், திரும்ப அ-னா ஆவன்னா. உதவி செய்ய வந்தவருக்கு உதவி செய்தே அந்த அமைப்பு ஓய்ந்துபோகிறது.

பர்டூவில் என்ன பண்ணினார்கள் என்றால், குழுவை மேலிருந்து கீழாகக் கட்டினார்கள். முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில். ஒருவர் பல செமஸ்டர் தொடர்ந்து அதே குழுவில் இருக்கலாம். மூத்தவர் படிப்பு முடிந்து போகும்போது கீழே இருக்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஆள் மாறினாலும் குழு மாறாது, ஊர் அமைப்போடு உறவு வருஷக்கணக்கில் நீடிக்கும். பொருளைக் கொடுத்ததோடு கதை முடிவதில்லை. அவர்களுடைய வேலைமுறையில் கொடுத்த பிறகு பராமரிப்பு என்று ஒரு கட்டம், அப்புறம் திருத்தி அமைப்பதா, ஓய்வு கொடுப்பதா என்று ஒரு கட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு ஓய்வு கொடுக்கிற நாளையும் யோசித்துவிட்டு அதைச் செய்ய ஆரம்பிப்பது! எனக்கு இது பிடித்திருக்கிறது. நம்ம அரசாங்கக் கட்டடங்களின் மூலையில் சாக்குப் போட்டு மூடின கம்ப்யூட்டர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இங்கே இறுதியாண்டு ப்ராஜெக்ட் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடையில் காசு கொடுத்தால் ப்ராஜெக்டும் கிடைக்கும், ரிப்போர்ட்டும் கிடைக்கும், வைவாவுக்குக் கேள்வி பதிலும் கிடைக்கும். சிரிக்கிறீங்க. அந்தக் காசைக் கட்டமுடியாத நம்ம பிள்ளைகள்தான் தூக்கம் முழித்துத் தாங்களே செய்கிறார்கள், அவர்களுக்குத்தான் மார்க் குறைகிறது.

அவர்களின் ஆரம்பகால வேலைகளில் ஒன்று, உடல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான மருத்துவ மையத்துக்கு விளையாட்டுப் பொருள் செய்தது. கடையில் விற்கிற பொம்மையின் சுவிட்ச் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். விரல் சொன்னபடி கேட்காத குழந்தையால் அதை அழுத்த முடியாது. அந்தக் குழந்தைக்கு எங்கே கை போகும், எவ்வளவு பலம் இருக்கும் என்று சொல்லக்கூடியவர் அங்கே பயிற்சி கொடுக்கிற அம்மாதான். சர்க்யூட் தெரிந்த மாணவருக்கு அது தெரியாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. ஆக, யார் நிபுணர் என்ற கேள்வி அந்த அறையில் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடுகிறது. ஏழைகளுக்கு வீடு கட்டித் தருகிற அமைப்புக்கும் கட்டுச் செலவையும் மின்சாரச் செலவையும் குறைக்கிற மாதிரி வரைபடம் போட்டார்கள். மின்னியல், கணினித் துறைகளில் பெண்கள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அதைவிட அதிக விகிதத்தில் இந்தத் திட்டத்துக்கு வந்தார்கள் என்பதை அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகமாகப் பேச விரும்புவது இன்னொரு வேலையைப் பற்றி. வீடற்றவர்களுக்கு உதவுகிற அமைப்புகளின் கூட்டமைப்புக்காகச் செய்த டேட்டாபேஸ்.

பிரச்சினை இதுதான். வீடில்லாத ஒருத்தர் ராத்திரி தங்க ஒரு இடத்துக்குப் போகிறார். சாப்பாட்டுக்கு ஒரு இடம், வைத்தியத்துக்கு ஒரு இடம், வேலை தேட ஒரு இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஃபாரம். பேர் என்ன, வீடு எப்போ போச்சு, பெண்டாட்டி எங்கே, குடிப்பீங்களா, ஜெயிலுக்குப் போனீங்களா? தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளைத் தினமும் நாலு மேசையில் ஒப்பிக்க வேண்டும். அமைப்புகளுக்கோ ஊரில் உண்மையில் எத்தனை பேர் என்றே தெரியாது. ஒரே ஆள் நாலு நோட்டில் நாலு ஆளாக இருப்பார். எல்லா அமைப்புகளும் சேர்ந்து ஒரே பதிவைப் பார்க்கும்படி செய்தால் இது தீரும். ஆனால் அப்படிச் செய்தால் அந்த ஆளின் மொத்த வாழ்க்கையும் ஒரே இடத்தில் கட்டிவைத்த மூட்டையாகிவிடும். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்த ஒரு பெண் எந்த இல்லத்தில் இருக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தரங்கம் கெடாமல் உதவியை ஒருங்கிணைக்க வேண்டும் என்பதுதான் அந்த மாணவர்களுக்கு வைக்கப்பட்ட கணக்கு. ஆளைக் காட்டாமல் தலையை எண்ண வேண்டும். இருபது வயசுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் யாரும் வைத்துவிட முடியாது.

கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதில் சொல்ல ஒன்று உண்டு. பேரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று கம்ப்யூட்டர்காரர்கள் நினைக்கிறார்கள். இங்கே மறையாது. பேரையும் சாதியையும் மூடிவிட்டு விலாசத்தை மட்டும் என்னிடம் காட்டுங்கள். அம்பேத்கர் நகர், இந்திரா காலனி, கிழக்குத் தெரு கடைசி, சுடுகாட்டு ரோடு. போதும். ஃபாரத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். விலாசம் எழுதுகிற கட்டமும் சாதிக் கட்டம்தான் என்பது அந்தத் தெருவில் பிறந்தவருக்குத்தான் தெரியும். அமெரிக்காவிலும் தபால் குறியீட்டு எண்ணைச் சொன்னால் கறுப்பினக் குடியிருப்பா வெள்ளையர் குடியிருப்பா என்று பல ஊர்களில் சொல்லிவிடலாம். டேட்டாபேஸில் எந்தக் கட்டம் இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது என்பதை முடிவு செய்கிற மேசையில் அந்தத் தெருக்காரர் ஒருவர் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். அலங்காரத்துக்கு இல்லை.

இப்போது அதே இந்தியானா மாநிலத்தில் நடந்த இன்னொன்று. இதற்கும் அந்த மாணவர்களுக்கும் சம்பந்தம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2006 டிசம்பரில் ஆளுநர் மிட்ச் டேனியல்ஸ் அரசாங்கம், உணவு உதவி, மருத்துவ உதவி, ஏழைக் குடும்ப உதவி இவற்றுக்கெல்லாம் தகுதி பார்க்கிற வேலையை நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தில் ஐபிஎம் தலைமையிலான கம்பெனிகளிடம் கொடுத்தது. சுமார் 1500 அரசு ஊழியர்கள் தனியார் கம்பெனிக்கு மாற்றப்பட்டார்கள். முன்பு ஒரு குடும்பத்துக்கு ஒரு அலுவலர் இருந்தார். அந்தக் குடும்பம் அவருக்குத் தெரியும். இப்போது போன் பண்ண வேண்டும், யார் எடுக்கிறார்களோ அவர். காகிதங்களை ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும். அது காணாமல் போனால் குற்றம் அனுப்பினவர்மேல். "ஒத்துழைக்கத் தவறினீர்கள்" என்று ஒரு கடிதம் வரும். வர்ஜீனியா யூபேங்க்ஸ் 2018இல் எழுதின புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு நீண்ட அத்தியாயம் இருக்கிறது. மூன்று வருஷத்தில் பத்து லட்சம் மறுப்புகள், அதற்கு முந்தைய மூன்று வருஷத்தைவிட 54 சதவீதம் அதிகம். எவன்ஸ்வில் ஊரில் ஒரு கறுப்பினப் பெண், புற்றுநோய்க்காக மருத்துவமனையில் படுத்திருந்ததால் தகுதிப் புதுப்பிப்புக்குக் குறித்த நேரத்தில் வர முடியவில்லை. உதவி வெட்டப்பட்டது. மேல்முறையீடு செய்தார். 2009 மார்ச் 1 அன்று இறந்துபோனார். மறுநாள் மேல்முறையீட்டில் அவருக்கு ஜெயம்.

அதே 2009இல் அரசாங்கமே ஒப்பந்தத்தை ரத்து பண்ணியது. அப்புறம் வழக்கு, வருஷக்கணக்கில். ஐபிஎம் ஒப்பந்தத்தை மீறியது என்று 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுநர்? 2013 ஜனவரியில் பர்டூ பல்கலைக்கழகத்தின் தலைவராக வந்து 2022 முடிய இருந்தார். வரலாறு சில சமயம் நம்மைவிட நன்றாக எழுதிவிடுகிறது.

இரண்டும் தொழில்நுட்பம்தான், இரண்டும் ஏழைகளைப் பற்றிய டேட்டாபேஸ்தான். ஒன்றில் எழுதுகிறவர் வாராவாரம் போய் எதிர் நாற்காலிக்காரரிடம் "இது சரியா இருக்கா?" என்று கேட்க வேண்டும். இன்னொன்று எதிர் நாற்காலியையே தூக்கிவிடுவதற்காகச் செய்யப்பட்டது. புரோகிராம் எழுதும் திறமையில் பார்த்தால் இரண்டாவது கோஷ்டி எவ்வளவோ பெரிய ஆட்கள்.

சரி, முதல் மேசையில் உட்கார்ந்தது யார்? இங்கேதான் எனக்கு எபிக்ஸோடு சண்டை. வீடற்றவர்களுக்கு உதவுகிற அமைப்பின் அலுவலர் உட்கார்ந்தார். வீடற்றவர் உட்கார்ந்தாரா? திட்டத்தின் அமைப்பே தொண்டு நிறுவனங்கள், பள்ளிகள், அரசு அலுவலகங்களைத்தான் கூட்டாளியாகப் பார்க்கிறது. எந்தத் திட்டத்தை எடுப்பது என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அளவுகோல்களும் அப்படி. ஊருக்கு அது எவ்வளவு முக்கியம், மாணவர்கள் செய்யக்கூடிய தொழில்நுட்பமா, எவ்வளவு காலம் பிடிக்கும். நல்ல அளவுகோல்கள்தான். ஆனால் வாடகைதாரர் சங்கம் வந்து, "எங்களைக் காலி பண்ணச் சொல்கிற வீட்டு முதலாளிகளின் பட்டியல் ஒன்று தயார் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டால் அந்த அளவுகோலில் அது தேறுமா? எனக்குச் சந்தேகம். உதவி கேட்கிறவருக்குக் கதவு திறக்கும். உரிமை கேட்கிறவர் கொஞ்சம் நேரம் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

'சேவை' என்ற வார்த்தை நமக்குப் புதுசு இல்லை. 1932இல் தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு சங்கம் வைத்து, அப்புறம் அதற்கு ஹரிஜன் சேவக் சங்கம் என்று பேர் மாற்றினார்கள். அதன் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்கள் ஏன் இல்லை என்று கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்கிற பரிகாரம், அதனால் அவர்கள்தான் நடத்த வேண்டும் என்று பதில் வந்தது. அம்பேத்கர் இதை 1945இல் எழுதிய புத்தகத்தில் விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். மெக்சிகோவுக்குச் சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்களை 1968இல் இவான் இலிச் நேருக்கு நேர் நிற்க வைத்து, நீங்கள் வராமலிருப்பதே உதவி என்கிற பொருளில் பேசினார். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. இலிச் பேசியது ஒரு கோடைகாலம் வந்து போகிறவர்களிடம். இங்கே ஊரும் அதே ஊர், உறவும் வருஷக்கணக்கு.

ஊர் அதே ஊர் என்றேன். அந்த ஊர் யாருடைய ஊர்? பர்டூவிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் டிப்பிகனூ போர்க்களம். 1811இல் அமெரிக்கப் படை வந்து டெகும்சே, டென்ஸ்குவாட்டாவா சகோதரர்களின் குடியிருப்பைக் கொளுத்திய இடம். 1862ஆம் ஆண்டு மோரில் சட்டப்படி பல்கலைக்கழகம் தொடங்க இந்தியானாவுக்குக் கிடைத்தது 3,90,000 ஏக்கர் நிலத்துக்கான பத்திரம். நிலம் மேற்கே, பழங்குடிகளிடமிருந்து பறித்தது. அதை விற்ற காசிலும், ஜான் பர்டூ என்ற வியாபாரி கொடுத்த ஒன்றரை லட்சம் டாலரிலும் எழும்பியது இந்தக் கல்விச்சாலை. நாடு முழுக்க இப்படிப் பல்கலைக்கழகங்களுக்குப் போனது ஒரு கோடி ஏக்கருக்கும் மேல் என்று 2020இல் ஒரு பத்திரிகை ஏக்கர் ஏக்கராகக் கணக்கெடுத்து வெளியிட்டது. பஞ்சமி நிலக் கணக்குக் கேட்டு அலைகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாக இருக்காது. பல்கலைக்கழகம் ஊருக்குச் 'சேவை' செய்கிறது என்று சொல்லும்போது கடன் பாக்கி என்ற வார்த்தை என் வாயில் வருகிறது. குமாஸ்தா புத்தி.

படிப்பை அனுபவத்தோடு சேர்க்க வேண்டும் என்ற இந்தச் சிந்தனைக்கு அமெரிக்காவில் எல்லோரும் கைகாட்டுவது ஜான் டூயியை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்தபோது அம்பேத்கர் அவரிடம் பாடம் கேட்டார், 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதும்போதும் அவரை மேற்கோள் காட்டினார். டூயியின் 'ஜனநாயகமும் கல்வியும்' வெளிவந்தது 1916இல். ஆகவே எபிக்ஸ் நமக்கு ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை.

2005இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் காயில், ஜேமிசன், வில்லியம் ஓக்ஸ் மூவருக்கும் ஐந்து லட்சம் டாலர் கார்டன் பரிசு கொடுத்தது. பல பல்கலைக்கழகங்களுக்கு இந்த முறை பரவியது. பரவும்போது ஒன்று நடந்தது. அதே அமைப்பை, அதாவது பல ஆண்டு மாணவர்கள் சேர்ந்த, வருஷக்கணக்கில் தொடர்கிற குழுவை, காயில் பேராசிரியர்களின் ஆராய்ச்சிக்கும் பொருத்தினார். பின்னால் ஜார்ஜியா டெக்கில் அதை நடத்தினார், அதுவும் நன்றாகப் பரவியது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எலும்புக்கூடு அப்படியே இருக்க, எதிர் நாற்காலியில் ஊர் அமைப்புக்குப் பதிலாகப் பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். எந்த நல்ல ஏற்பாட்டிலும் சுலபமாகக் கழன்று விழுகிற பாகம் ஜனங்கள்தான்.

இங்கே உள்ள சில தம்பி தங்கைகள் துப்புரவுப் பணியாளர் சங்கத்துக்கு ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறார்கள். சம்பளப் பிடித்தம், பி.எஃப். பாக்கி, விபத்துக் கணக்கு இதையெல்லாம் சங்கமே வைத்துக்கொள்ளும்படி. நல்ல காரியம். முதல் மூன்று மாசம் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. சங்க ஆபீஸில் உட்கார்ந்து அவர்களுடைய நோட்டைப் பாருங்க. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது, சிவப்பு மையில் வட்டம் போட்டது, பக்கத்தின் நடுவில் ஒட்டின ரசீது, இவை எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை எழுதின அக்காவிடம் கேட்டால் சொல்வார். உங்களில் முதலாண்டு மாணவர் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்க, நீங்க வேலைக்குப் போன பிறகு அந்த அக்கா போன் பண்ணினால் எடுக்க ஆள் வேண்டும். பாஸ்வேர்டு சங்கத்திடம் இருக்கட்டும். காண்டிராக்டர் வந்து கேட்டால் எந்தப் பக்கத்தைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று சங்கம் கூடி முடிவு செய்யட்டும், அதை நீங்க முடிவு செய்யாதீங்க.

நேரமாச்சு. நாளைக்கு எனக்குக் காலையில் கேஷ் கவுண்ட்டர். கேள்விகள் இருந்தால் பேசுவோம்.